சொறு தின்னியா வாப்பா

என் யூசுப் நானாவுக்கு, மூக்கு நுனியில எப்பவும் டோனர் கரி வெச்சிருந்த என் கடைக்காரனுக்கு,

நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. உன் தங்கச்சி, எனக்கு அக்காவான ஆமினா லாத்தா நெய்ச்சோறு ஆக்கி சந்து பூரா குடுத்துச்சு. நெய் தூக்கல். நீ இருந்தா மூணு தட்டு தின்னுட்டு, வயித்தப் பிடிச்சிக்கிட்டு ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்துல சுருண்டு படுத்திருப்ப.

உன்னை அடக்கம் பண்ணுன அன்னிக்கு ஏழே பேரு. டோங் டு பள்ளிவாசல்லேருந்து நாலு பேரு, உன் மச்சான், எதுத்தாப்புல கரும்பு ஜூஸ் பிழியிறவரு, எங்கம்மா வேலை பாக்குற ஓட்டல் முதலாளி. பொம்பளைங்க உள்ள போகக் கூடாதுன்னு நானும் லாத்தாவும் கேட்டுக்கு வெளியவே நின்னோம். அங்க நின்னுக்கிட்டே எண்ணுனேன். பினாங்குல, துபாய்ல, கொழும்புல, சென்னைல உன் எழுத்த ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் போட்டுப் படிச்சவங்கள்ல ஒருத்தரும் இல்ல. எப்படி வருவாங்க? உன் பேரே அவங்களுக்குத் தெரியாதே.

கடைக்காரன் செத்துட்டான்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசி. உனக்குத்தான் எழுதுறேன், ஆனா ஊரே படிக்கட்டும்னு எழுதுறேன். அதனால நடுநடுவுல உனக்குத் தெரிஞ்சதையே உனக்குச் சொல்லுவேன். கொட்டாவி விடாதே.

திருச்சியில இஞ்சினீரிங் ரெண்டாவது வருஷத்தோட மூட்டை கட்டிட்டு நான் சைகோன் வந்து இறங்குனப்ப எனக்கு வயசு பத்தொம்போது. அம்மா ஒண்ணாம் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு இந்தியன் ஓட்டல்ல சமையலுக்கு இருந்துச்சு. காலேஜ விட்டதுக்கு ஒரு அறை விட்டுட்டு, அடுத்த நிமிஷமே சோறு போட்டுச்சு. அம்மாவோட போன் இங்க வாங்குனது. காரைக்கால்லேருந்து சித்தி தமிழ்ல மெசேஜ் அனுப்பும். இங்க வந்தா வெறும் கட்டம் கட்டமாத் தெரியும். நாலு போன் கடையில கேட்டேன். நாலு பேரும் 'கோம் துக்'னு கைய விரிச்சானுங்க, முடியாதாம். அஞ்சாவது ஆளு, சந்துக்குள்ள ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு, அங்க ஒரு கிறுக்கன் இருக்கான், போய்ப் பாருன்னான்.

"இத சரி பண்றது யாரு?"ன்னு போன உன்கிட்ட நீட்டிக் கேட்டேன்.

"நானா."

"ஆமா, நீங்களான்னுதான் கேக்குறேன்."

"நானா தான்."

"என்னையவா கேக்குறீங்க?"

"தங்கச்சிக்குத் தமிழ் தெரியாதா? நானா பண்ணித் தர்றேன்!"

காரைக்கால்காரிக்கு நானான்னா அண்ணன்னு தெரியாமலா இருக்கும்? ஆனா ஒருத்தர் தன்னையே நானான்னு சொல்லிக்கிறத அன்னிக்குத்தான் கேட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. இந்த ஊர்க்காரங்க நான், நீன்னு பேச மாட்டாங்க. அண்ணன் வர்றேன், தங்கச்சி உக்காரு, இப்படி உறவு வெச்சுத்தான் எல்லாப் பேச்சும். நீ சைகோன்ல பொறந்து, வியட்நாம்கார அம்மாகிட்ட வளந்து, அந்தப் பழக்கத்தத் தூக்கிட்டு வந்து தமிழுக்குள்ள போட்டுட்ட. மொத வாரம் மரியாதைக்கு நீங்கன்னு பேசுனேன். பின்னாடி திரும்பிப் பாத்து, "எத்தனை பேரக் கூப்புடுற?"ன்ன. அன்னியோட நீங்க போச்சு.

ரெண்டு நாள் அந்தப் போன் வயித்தக் கிழிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த. கம்பெனிக்காரன் பூட்டி வெச்சதத் தொறந்து, உள்ள தமிழ் எழுத்தத் திணிச்சு, மூணாம் நாள் குடுத்த. கட்டமெல்லாம் எழுத்தா மாறி நின்னுச்சு: 'இன்னைக்கு வஞ்சிர மீன் கொழம்பு வெச்சேன், ஒன் ஞாபகம்.' அம்மா ஓட்டல் அடுப்படியில நின்னு அழுதுச்சு. மீன் கொழம்புக்கு எவளாவது அழுவாளா?

போனோட சேத்து ஒரு ஜெராக்ஸ் கட்டும் குடுத்த. இந்த மாதிரிப் போனுக்குள்ள தமிழ் எப்படிப் போடுறதுன்னு படம் வரைஞ்சு எழுதியிருந்த. அதுதான் நான் பாத்த மொத இதழு. தலைப்பு பெருசா 'ஒட்டை'. கீழ 'கடைக்காரன்'னு கையெழுத்து. ஆளு பேரும் இல்ல, ஊரும் இல்ல.

"தலைப்பே தப்பு நானா. ஓட்டைன்னா நெடில் ஓ போடணும். நீ குறில் போட்டிருக்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கொடியும் கோடியும் ஒண்ணா?"

"கொடி ஏத்துனா கோடிப் பேரு வருவாங்க. கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

உன்கிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். அடுத்த நாள் செவப்புப் பேனாவோட வந்து உக்காந்தேன். மூணு வருஷம் எந்திரிக்கல. பூட்டு, போன், வயர் பத்தியெல்லாம் நீ எழுதுவ, நான் உன் தமிழத் திருத்துவேன். நெடில் ஏ, நெடில் ஓ உன் கைக்கு வராது. 'தெங்காய்', 'பொன் நம்பர்', 'கெட்டுச் சொல்லு'. கேட்டுச் சொல்லுன்றத கெட்டுச் சொல்லுன்னு எழுதுனா எவன் சொல்லுவான்? எல்லாத்தையும் திருத்த விட்ட. தலைப்ப மட்டும் தொட விடல. பழைய அகராதியில ஒட்டைன்னா ஒட்டகம்னு போட்டிருக்கேன்னு ஒரு வாசகர் எழுதிக் கேட்டாரு. நீ குதிச்ச குதி இருக்கே! அந்த இதழ்லேருந்து அட்டையில சாவி ஓட்டை வழியா ஒரு ஒட்டகம் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிச்சு.

நீ பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆச்சு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் பூட்டு ஒடைக்கிறவங்க கூட்டத்துல ஒருத்தர் மேடையில 'ஒட்டை'யத் தூக்கிக் காட்டுனாராம். 'இத எழுதுற கடைக்காரன் யாருன்னு தெரியாது, ஆனா நான் கத்துக்கிட்டது இதுலதான்'னாராம். மொத்தப் பேரும் கைதட்டுனாங்களாம். அந்த நியூஸ இன்டர்நெட்டுல படிச்சுக் காட்டுனேன். நீ ஒரு காலேஜ் பையனோட அடையாள அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கிட்டு இருந்த. "கைதட்டுனா ஒட்டகம் பயந்துக்கும்"னுட்டு அடுத்த ஆளக் கூப்ட்ட.

உன் சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். ஓட்டையப் பாத்தா சொல்லணும், உள்ள போகக் கூடாது. ஒரு ஓட்டல்ல ரூம் ரூமா வெச்சிருந்த இரும்புப் பெட்டி அத்தனையும் ஆறு தடவை சைபர் அடிச்சாத் தொறந்துச்சு. நீ நேரா மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்ன. திருடன்னு நெனச்சு வெளிய தள்ளுனான். மறுபடி போன. மறுபடி தள்ளுனான். மூணாவது தடவை அதையே இதழ்ல போட்ட. ஓட்டல் பேரு போடல, பெட்டியோட மாடல் மட்டும். "உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒண்ணுத்தையாவது தொறந்து பாத்தியா?"ன்னு கேட்டேன். என்னை நீ மொறைச்சது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் டெங்கு. அஞ்சே நாளு. நாலாம் நாள் காலைல ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துட்டு வந்தேன். கையில ஊசி, ஒதடு காஞ்சு கெடந்துச்சு.

"தங்கச்சி, கிட்ட வா. எழுதிக்காதே. காதுல வெச்சுக்க."

"என்னா?"

"சோறு தின்னியா வாப்பா."

"காய்ச்சல்ல ஒளறாதே. நான் தின்னுட்டேன். நீ இந்தக் கஞ்சியக் குடி."

"ஐயோ... அது பாஸ்வேர்டு."

நான் சிரிச்ச சிரிப்புல நர்ஸம்மா வந்து திட்டிட்டுப் போச்சு. அப்புறம் நீ மெதுவாச் சொன்ன. கடைக் கம்ப்யூட்டர்ல பூட்டுன எடம் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள உங்க வாப்பா, இறந்துபோன உங்கப்பா, பேசுனது இருக்கு, அத ஆமினாவுக்குக் குடுக்கணும். இன்னொண்ணு வாசகர் பட்டியல், அத அழிக்கணும்.

"பாக்காம அழி."

"பாத்தா என்னா?"

"பாத்தா உனக்குத் தெரிஞ்சிடும். எவனாவது கேட்டா நீ சொல்லிடுவ. தங்கச்சிக்கு வாய் நீளம்."

நீளந்தான். ஆனா சரின்னு சொன்னேன். உனக்குத் துப்பு எழுதுனவங்கள்ல பாதிப் பேரு அவங்கவங்க கம்பெனிப் பூட்டப் பத்தியே எழுதுனவங்க. பேரு வெளிய வந்தா வேலை போயிடும். அது எனக்கும் தெரியும். சரின்னுதான் சொன்னேன் நானா.

நீ போன மறுவாரம் கடைய ஒழிச்சுக் குடுக்கச் சொல்லிட்டாங்க. மத்தியானம், வெளிய மழை கொட்டுது. நானும் லாத்தாவும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தோம். பத்துத் தடவை தப்பா அடிச்சா தன்னாலயே அழிஞ்சிடும்னு திரையில எழுதியிருந்துச்சு. நீ வெச்ச பொறி. நான் தெனாவெட்டா அடிச்சேன். சோறு தின்னியா வாப்பா. தப்புன்னுச்சு. எடைவெளி இல்லாம அடிச்சேன். தப்பு. ஒரே எழுத்த கம்ப்யூட்டர் ரெண்டு விதமா வெச்சுக்கும்னு நீதான் சொல்லுவியே, கீபோர்ட மாத்தி மாத்தி அடிச்சேன். பழைய எழுத்துருவுல அடிச்சேன். கேள்விக்குறி போட்டு அடிச்சேன். எட்டு தடவை ஆச்சு.

"ச்சொய் ஓய்! செலின், நிறுத்து!" ஐயோன்னு அது பாஷையில அலறி லாத்தா என் கையப் புடிச்சிக்கிச்சு. "உன் காது தப்பாக் கேட்டுச்சு."

"என் காது சரியாத்தான் கேட்டுச்சு."

"வாப்பா சத்தம் இன்னும் ரெண்டு தடவைதான் இருக்கு. உனக்குப் புரியுதா? ரெண்டு."

லாத்தாவுக்குத் தமிழ் தத்தித் தத்தித்தான் வரும். ஆனா அத மட்டும் அவ்வளவு தெளிவாச் சொல்லுச்சு. பன்னெண்டு வருஷமா அது கேக்காத சத்தம். நீ கேசட்லேருந்து ஏத்தி வெச்சிருக்கன்னே அதுக்கு அன்னிக்குத்தான் தெரியும். நான் கைய மடியில வெச்சுக்கிட்டேன். அதுக்கு மேல தொட எனக்குத் தைரியம் வரல.

லாத்தா கோவத்துல எந்திரிச்சுப் போய் அலமாரியக் காலி பண்ண ஆரம்பிச்சிச்சு. டோனர் வெச்சிருந்த அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. மஞ்சளாப் போன பேப்பரு, நீ லேமினேஷன் போட்டு வெச்சிருந்த. பென்சில் எழுத்து. லாத்தாவுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனா பாத்ததுமே தெரிஞ்சிக்கிச்சு. "வாப்பா எழுதுனது."

இங்க கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த எழுபத்தஞ்சுக்கு அப்புறம் ஜவுளிக் கடையெல்லாம் போயி, நம்ம ஊர்க்காரங்க முக்கால்வாசிப் பேரு கப்பலேறுனப்பவும் உங்க வாப்பா உங்கம்மாவ விட்டுட்டுப் போகலையாம். விடியறதுக்குள்ள மூட்டை தூக்கக் கெளம்பிருவாராம். சோத்துச் சட்டி மூடி மேல தெனம் உனக்கு ஒரு சீட்டு வெச்சுட்டுப் போவாராம், மகனையே செல்லமா வாப்பான்னு கூப்புட்டு. பதில நீ அதுக்குக் கீழயே எழுதி வெக்கணுமாம். நீ தமிழ் எழுத்து கத்துக்கிட்டதே அந்தச் சீட்டுலதானாம். இத லாத்தா பாதி தமிழ்ல, பாதி அது பாஷையில சொல்லச் சொல்ல, நான் சீட்டப் படிச்சேன்.

'சொறு தின்னியா வாப்பா.'

குறில் சொ. அந்தக் காலத்து யாவாரிங்க கையெழுத்துல நெடில் கொம்பும் கெடையாது, சுழியும் கெடையாது. உங்க வாப்பா அப்படித்தான் எழுதுனாரு. நீயும் அப்படித்தான் எழுதுன. மூணு வருஷமா உனக்கு எழுத வரலன்னு நெனச்சு செவப்புப் பேனாவால கோடு கோடாப் போட்டேனே, அதெல்லாம் யாரு கையெழுத்து நானா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நான் வெக்கப்படுவேன்னா?

ஒம்பதாவது தடவை, குறில் போட்டு அடிச்சேன். தொறந்துச்சு.

உள்ள ரெண்டு பெட்டி. ஒண்ணு 'வாப்பா', ஒண்ணு 'வாசகர்'. மொதல்ல வாப்பாவத் தொட்டேன். கேசட் ஓடுற கொரகொர சத்தம், தூரத்துல பைக் டாக்ஸி ஓட்டுற செ ஓம்காரன் ஹாரன் அடிக்கிறான், அப்புறம் ஒரு வயசானவரு தொண்டையச் செருமிட்டுக் கேக்குறாரு. சோறு தின்னியா வாப்பான்னு. லாத்தா ஸ்பீக்கருகிட்ட காத வெச்சுச்சு. கண்ண மூடிக்கிட்டு, "தின்னுட்டேன் வாப்பா"ன்னுச்சு. அவரு உன்னைத்தான் கேக்குறாரு. ஆனா லாத்தாதான் பதில் சொல்லுச்சு.

அப்புறம் அந்த ரெண்டாவது பெட்டி.

"தொற,"ன்னுச்சு லாத்தா. "எல்லாருக்கும் சொல்லு. ஏழு பேருதான் வந்தாங்க, செலின். என் நானாவுக்கு ஏழே பேரு."

இங்க நான் பொய் சொல்லப் போறதில்ல. எனக்கும் தொறக்கணும்னு இருந்துச்சு. உனக்காக மட்டும் இல்ல. அந்தப் பட்டியல் கையில இருந்தா அடுத்த கடைக்காரி நான்தான். காலேஜும் இல்ல, வேலையும் இல்ல, இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது ஒரு ஸ்டூலும் செவப்புப் பேனாவுந்தான். அவங்க எல்லாருக்கும் எழுதலாம், எனக்கும் அவங்க எழுதுவாங்க. யாருக்கு நான் தேவைன்னு ஒரு பட்டியலே இருக்கு, அத அழிக்கவா?

தொறந்தேன்.

ஒரே ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. ஒரு பேரு, ஒரு ஊரு. ஒடனே மூடிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல நீ என்னைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. அந்தப் பேர யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா உன் சட்டத்த மீறிட்டேன், நானா. திட்டணும்னா திட்டு. நீ திட்டுனாக் கூடப் போதும்.

வாப்பா சத்தத்த மட்டும் தனியா எடுத்துட்டு, நீ எழுதி வெச்ச அழிப்பான் புரோகிராம ஓட விட்டேன். மேல மேல குப்பைய எழுதி அழிக்கிறதாச்சே, ஒரு மணி நேரம் ஆச்சு. திரையில ஒரு கோடு மெதுவா நகந்துச்சு. எந்த நிமிஷம் வேணாலும் நிறுத்தலாம்னு பொத்தானும் வெச்சிருந்த. பாவி, அது எதுக்கு? லாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டு மழைக்குள்ள எறங்கிப் போச்சு. திரும்பி வர்றப்ப கையில ரெண்டு காப்பி. ஒண்ண என் பக்கம் தள்ளி வெச்சுது. அதுக்குள்ள கோடு முடிஞ்சிருந்துச்சு.

இப்ப சேதிக்கு வர்றேன். உன் கடையில போன் ஒறை விக்கிறாங்க, கலர் கலரா. உன் மிஷின் லாத்தா வீட்டுல இருக்கு. அது மேலதான் துணி இஸ்திரி போடுது. அம்மா வாரம் ஒரு தடவை கேக்குது, காலேஜுக்குத் திரும்பிப் போறியாடின்னு. என்ன சொல்ல? நீ என்ன சொல்லியிருப்ப?

அனுப்ப முகவரி இல்லாததால இந்தக் கடுதாசிய வேற ஒரு கடையில ஜெராக்ஸ் போடப் போறேன். உன் அளவுக்குப் பளிச்சுன்னு வராது. ஓட்டல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில ஒண்ணு, பின் யுவோங் பேக்டரிக்குப் போற கம்பெனி பஸ்ல ஒண்ணு, பினாங்கு போற கப்பல்காரர் கையில ஒண்ணு. இன்டர்நெட்டுலயும் போடுவேன். படிக்கிறவங்க இன்னும் ஒரு காப்பி போட்டு வெக்கட்டும். உன்னைப் படிச்சவங்க கைக்கு இது போய்ச் சேருமான்னு எனக்குத் தெரியாது. உன் பேர இதுல போட்டுட்டேன். அவங்க பேரத்தான் மறைக்கச் சொன்ன. உன் பேரப் பத்தி நீ ஒண்ணும் சொல்லல. லாத்தாகிட்டயும் கேட்டேன், போடுன்னுச்சு.

போன ஞாயித்துக்கிழமை ஒருத்தரு வந்தாரு. சந்துல நின்னு போன் ஒறைக் கடைய மேலயும் கீழயும் பாத்துக்கிட்டிருந்தாரு. தலையில ஹெல்மெட், சட்டையெல்லாம் புழுதி, கையில நாலா மடிச்ச ஒரு ஜெராக்ஸு. ஓட்டலுக்குக் கருவேப்பிலை வாங்கிட்டுப் போய்க்கிட்டிருந்த என்னைப் பாத்து, "தமிழாம்மா?"ன்னாரு.

"ஆமா."

"இங்க ஒரு ஜெராக்ஸ் கடை... ஒட்டகம் போட்ட புஸ்தகம்..."

"அவரு இல்லைங்க. தவறிட்டாரு. டெங்கு."

அவரு ஹெல்மெட்டக் கழட்டுனாரு. "நான் வந்து மூணாவது இதழ்லேருந்து..."ன்னு ஆரம்பிச்சாரு, முடிக்கல. யாரு நீங்க, எந்தக் கம்பெனி, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். அவருதான் கேட்டாரு.

"அவரு பேரு என்னம்மா?"

"யூசுப்,"ன்னேன்.

ஒரு தடவை மெதுவாச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் உன்னை அடக்கம் பண்ணுன எடத்துக்கு வழி கேட்டாரு. பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன்.

இனிமே யாரு வந்தாலும் இப்படித்தான், நானா. அவங்க பேர நான் கேக்க மாட்டேன். உன் பேரச் சொல்லுவேன், வழியக் காட்டுவேன். வாக்குக் குடுக்குறேன்.

ஆமினா லாத்தாவுக்கு அடுத்தவ, உன் ரெண்டாவது தங்கச்சி,
செலின்